கொக்கி தைக்கும் நேரத்தில் ஆங்கிலம்

"ஹூ ஆர் யூ வேரிங்?"

முதல் தடவை கேட்டபோது என் காதில்தான் கோளாறு என்று நினைத்தேன். சிவப்புக் கம்பளத்தில் ஒரு நடிகை நிற்கிறார். மைக் பிடித்த பெண் அவரிடம் "யாரை உடுத்தியிருக்கீங்க?" என்கிறார். 'வாட்' வர வேண்டிய இடத்தில் 'ஹூ'. நடிகையும் அசராமல் "டியோர்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்த பிறகுதான் விளங்கியது, கேள்வி அந்த உடையை வடிவமைத்தவரைப் பற்றியது என்று.

நான் தையல்காரி. தமிழ் வழியில் 12-ஆம் வகுப்பு வரை படித்தவள். மெஷின் மிதிக்க ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் அளவு சொல்லும் வாடிக்கையாளர்கள் வர ஆரம்பித்த பிறகுதான் ஆங்கிலத்தின் அவசியம் உறைத்தது. அதில் ஒருவர், நான் தைத்து அனுப்பிய கவுனைப் போட்டுக்கொண்டு, "இட்ஸ் எ லிட்டில் ஸ்னக் அரவுண்ட் தி ஆர்ம்ஸ்" என்றார். 'ஸ்னக்' எனக்குத் தெரிந்த சொல். அகராதியில் 'இதமான, கதகதப்பான' என்று போட்டிருந்தது. வாயெல்லாம் பல்லாக "தேங்க் யூ, தேங்க் யூ" என்றேன். அந்தப் பக்கம் இரண்டு விநாடி சத்தமே இல்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு பேட்டியில், ஒரு நடிகை தன் பழைய கவுன் படத்தைப் பார்த்து அதே சொல்லைச் சொல்லிவிட்டு, வயிற்றை எக்கி மூச்சை அடக்கிக் காட்டினார். சட்டென்று புரிந்துபோனது. 'கை இறுக்கமா இருக்கு' என்பதைத்தான் அந்த வாடிக்கையாளர் என் மனம் நோகாமல் சொல்லியிருக்கிறார். அகராதி கொடுக்காததை அந்த ஒரு எக்கல் கொடுத்தது. அன்றிலிருந்து பிரபலங்களின் பேட்டிகள்தான் என் பள்ளிக்கூடம்.

ஏன் உடையும் சினிமாவும்?

பாதிச் சொற்கள் எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதுதான் காரணம். கட்டிங், ஃபிட்டிங், லைனிங், டார்ட், ஸ்லீவ், பைப்பிங், ஹெம்மிங் எல்லாம் தொழில் கற்ற நாளிலிருந்து வாயில் புழங்குகிறவை. சினிமாவும் அப்படியே. ஷூட்டிங், டேக், டப்பிங், ரிலீஸ் தெரியாதவர் யார்? பேசுகிற விஷயம் தெரிந்ததாக இருந்தால் காதுக்குப் பாதி வேலை மிச்சம். மிச்சமான கவனத்தை, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் ஓடுகிற சின்னச் சின்ன வார்த்தைகள் மேல் வைக்கலாம். ஆங்கிலத்தில் நம்மைத் தடுக்கி விழ வைப்பவை பெரிய சொற்களே அல்ல. 'அப்', 'ஆஃப்', 'இன்', 'அவுட்', 'காட்', 'ஹேட்' மாதிரிப் பொடிசுகள்தான்.

உங்களுக்குத் துணிமணியில் நாட்டம் இல்லையென்றால் கார், கிரிக்கெட், சமையல் என்று எது தெரியுமோ அதைப் பற்றிய பேட்டியை எடுங்கள். கீழே சொல்வது எல்லாம் அதற்கும் பொருந்தும்.

எதில் ஆரம்பிப்பது?

முதல் வாரத்துக்கு நான் சொல்வது ஃபேஷன் பத்திரிகையான பிரிட்டிஷ் வோக் போடும் 'இன் தி பேக்' வீடியோக்கள். பிரபலங்கள் தங்கள் கைப்பையைக் கவிழ்த்து ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டுவார்கள். சாவி, சார்ஜர், உதட்டுக்குப் பூசும் பாம், எப்போதோ போட்டு மறந்த ரசீது. பொருள் கண் முன்னால் இருக்கும்போது சொல் தானாக ஒட்டிக்கொள்ளும். 'திஸ் ஈஸ் மை…', 'ஐ காட் திஸ் ஃப்ரம்…', 'ஐ நெவர் லீவ் த ஹவுஸ் விதவுட்…' என்ற மூன்று அச்சுகளை வைத்துக்கொண்டே ஒரு பேட்டியில் பாதியை ஓட்டிவிடுகிறார்கள். இந்த மூன்றும் வாயில் வந்துவிட்டால் உங்கள் பையைப் பற்றி நீங்களும் இரண்டு நிமிடம் பேசலாம்.

அடுத்தது, வோக்கின் 'லைஃப் இன் லுக்ஸ்'. பழைய உடைகளின் படங்களைப் பார்த்துக்கொண்டே அந்தந்த நாளை நினைவுகூர்வது. இறந்தகாலம் கற்க இதைவிட நல்ல இடம் நான் பார்க்கவில்லை. 'ஐ வோர்', 'ஐ ஃபெல்ட்', 'தே மேட்', 'ஐ தாட்' என்று வந்துகொண்டே இருக்கும்.

'73 கொஸ்டின்ஸ்' பலருக்கும் தெரிந்திருக்கும். 2014-இல் சாரா ஜெசிகா பார்க்கருடன் தொடங்கியது. கேமரா வீட்டுக்குள் கூடவே நடந்து போகும். கேள்வி கேட்கும் ஜோ சபியாவின் குரல் மட்டும் கேட்கும். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் வேகம் அதிகம். ஒரு பதிலைப் புரிந்துகொள்வதற்குள் மூன்று கேள்வி தாண்டிவிடும். இரண்டாம் மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிபிசியில் 2007 முதல் வருகிற கிரஹாம் நார்ட்டன் நிகழ்ச்சியை அதற்கும் பிறகு. எல்லா விருந்தினரும் ஒரே சிவப்பு சோபாவில் உட்கார்ந்து ஒருவர் பேச்சில் ஒருவர் பாய்வார்கள். அது புரிந்தால் உங்களுக்கு இனி இந்தக் கட்டுரை வேண்டாம். விருது வாங்கியதும் மேடையில் பேசும் நன்றியுரையைத் தொடவே வேண்டாம். அது பெயர்ப் பட்டியல், நடுவில் கொஞ்சம் அழுகை.

உச்சரிப்பை நினைத்துக் கூச்சப்படுகிறவர்கள் பெனலோப்பி குரூஸின் பேட்டிகளைக் கேளுங்கள். தாய்மொழி ஸ்பானிஷ். அந்த வாடை ஆங்கிலத்தில் அப்படியே இருக்கும். அதோடேதான் 2009-இல் ஆஸ்கர் வாங்கினார்.

ஒரே கதை, மூன்று வாய்மொழி

இது நான் தற்செயலாகக் கண்டுபிடித்தது. என் ஆங்கிலத்தை நகர்த்தியதும் இதுதான்.

ஒரு ஹாலிவுட் படம் வெளிவரும் சமயத்தில் நடிகர்களை ஒரு ஹோட்டல் அறையில் உட்கார வைத்து, நிருபர்களை ஒருவர் பின் ஒருவராக உள்ளே விடுவார்கள். ஆளுக்கு நாலைந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. பிரஸ் ஜங்கெட் என்று பெயர். பின்னால் படத்தின் போஸ்டர், முன்னால் அதே நாற்காலி, அதே கேள்விகள். எப்படித் தயாரானீர்கள், கூட நடித்தவர் எப்படி, அந்த உடையில் நடிப்பது சிரமமா. பாவம், அவர்களும் அதே கதையை நாள் முழுக்கச் சொல்கிறார்கள்.

நிருபருக்கு அது சலிப்பு, நமக்கு அதிர்ஷ்டம். ஒரே நடிகர், ஒரே வாரம், ஒரே படம் என்று மூன்று சேனல்களின் பேட்டியை எடுங்கள். முதலாவதில் கதை பாதிதான் புரியும். இரண்டாவதில் கதை தெரிந்துவிட்டதால் வார்த்தைகள் கேட்க ஆரம்பிக்கும். மூன்றாவதில் அடுத்து என்ன சொல்வார் என்று நீங்களே முந்திக்கொள்வீர்கள். முக்கியமான விஷயம், அவர் ஒவ்வொரு தடவையும் ஒரே வாக்கியத்தைச் சொல்ல மாட்டார். ஓரிடத்தில் 'ஐ வாஸ் ஸோ நெர்வஸ்' என்பார், இன்னோரிடத்தில் 'ஐ வாஸ் டெரிஃபைட்', வேறோரிடத்தில் 'மை ஹேண்ட்ஸ் வேர் ஷேக்கிங்'. பயத்துக்கு மூன்று சட்டை கிடைத்துவிட்டது.

என் அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் இப்படி மூன்று மூன்றாக எழுதி வைத்திருக்கிறேன். முன்பக்கம் மார்பளவு, தோளளவு, கை நீளம். பின்பக்கம் பயம், சந்தோஷம், சலிப்பு.

எப்படிக் கேட்பது?

மெஷின் ஓடும்போது ஒன்றும் கேட்காது. அதனால் நான் கைவேலை நேரத்தைத்தான் இதற்கு வைத்துக்கொண்டேன். ஹெம் மடித்துத் தைப்பது, காஜா எடுப்பது, கொக்கி வைப்பது. ஆறு கொக்கி வைக்கும் நேரத்தில் இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை நாலைந்து தடவை கேட்டுவிடலாம். ஒரு மணி நேரப் பேட்டியை ஒரு தடவை பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். முழுதாகப் பார்த்தால் பார்த்த திருப்திதான் மிஞ்சும்.

முதல் தடவை எழுத்து இல்லாமல் கேளுங்கள். யாரைப் பற்றி, எதைப் பற்றி என்பது தெரிந்தால் போதும். இரண்டாவது தடவை ஆங்கில சப்டைட்டிலோடு. தமிழ் சப்டைட்டில் வேண்டாம். கண் அதைப் படித்துவிட்டுக் காதைத் தூங்கச் சொல்லிவிடும். மூன்றாவது தடவை மறுபடி எழுத்து இல்லாமல், ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, அவர் சொன்ன ராகத்திலேயே நீங்களும் சொல்லுங்கள். வாய்விட்டு. முணுமுணுப்பது கணக்கில் வராது.

யூடியூப் என்றால், போனில் திரையின் இடது பக்கம் இருமுறை தட்டினால் 10 விநாடி பின்னால் போகும். கணினியில் ஜே எழுத்தை அழுத்தினாலும் அதே. இடது அம்புக்குறி 5 விநாடி, கே எழுத்து நிறுத்த. வேகத்தை 0.75-க்குக் குறைத்தால் பேச்சு தெளியும். 0.5-க்குப் போனால் எல்லோரும் போதையில் பேசுகிற மாதிரி இருக்கும், வேண்டாம். தானியங்கி சப்டைட்டிலை முழுசாக நம்பிவிடாதீர்கள், குறிப்பாக உடை பிராண்டுகளின் பெயரில். பிரெஞ்சு, இத்தாலியப் பெயர்களைக் கேட்டால் அது தன் இஷ்டத்துக்கு எதையாவது எழுதி வைக்கும்.

சொற்கள் ஒட்டிக்கொள்ளும் இடம்

எழுத்தில் பார்த்தால் தெரிகிற வாக்கியம் காதில் விழும்போது ஏன் புரியவில்லை என்று ரொம்ப நாள் குழம்பினேன். நம் பேச்சையே எடுத்துப் பாருங்கள். 'போய்விட்டு வருகிறேன்' என்று யார் சொல்கிறார்கள்? 'போய்ட்டு வரேன்'. 'செய்துகொண்டு இருக்கிறேன்' வாயில் 'செஞ்சிட்டிருக்கேன்' ஆகிவிடுகிறது. அவர்களும் மனிதர்கள்தானே. 'கோயிங் டு' அங்கே 'கன்னா'. 'வான்ட் டு' என்பது 'வானா'. 'வாட் டு யூ திங்க்' என்பதில் முதல் மூன்று சொல்லும் உருகி 'வாடயா' ஆகிவிடும். அமெரிக்கர்கள் 'எ லாட் ஆஃப்' என்பதை 'அலாடவ்' என்பார்கள், நடுவில் இருக்கும் 'ட்' மெலிந்து 'ட'வுக்கும் 'ர'வுக்கும் இடையில் எங்கேயோ தொங்கும். இப்படி ஒட்டிய சொற்களை நோட்டில் காதுக்குக் கேட்டபடி தமிழிலேயே எழுதுங்கள். அதுதான் சரியான எழுத்துக்கூட்டல், என் வரையில்.

இன்னொன்று, நடுவில் வந்து விழும் சக்கைச் சொற்கள். 'யூ நோ', 'ஐ மீன்', 'லைக்', 'கைண்டா'. முதலில் இவற்றுக்கெல்லாம் அர்த்தம் தேடி வாக்கியத்தையே தொலைத்தேன். நம்முடைய 'வந்து', 'அதாவது', 'ஒரு மாதிரி', 'இப்ப பாத்தீங்கன்னா' போன்றவைதான் இவை. கழித்துவிட்டுக் கேளுங்கள். பேசும்போது ஒன்றிரண்டு சேர்த்துக்கொண்டால் யோசிக்க நேரம் கிடைக்கும்.

வேர், புட் ஆன், ஃபிட், சூட்

தமிழில் கடிகாரம் கட்டுகிறோம், தோடு மாட்டுகிறோம், சட்டை போடுகிறோம், சென்ட் அடிக்கிறோம். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் 'வேர்' ஒன்றே. கண்ணாடி, செருப்பு, லிப்ஸ்டிக், வாசனைத் திரவியம், முடியை எப்படி முடிந்திருக்கிறோம் என்பதுவரை. இந்தச் சிக்கனம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் 'புட் ஆன்' எப்போது, 'வேர்' எப்போது என்பதில் மாட்டிக்கொண்டேன். 'ஐ ஆம் புட்டிங் ஆன் எ ரெட் டிரஸ்' என்று போட்டு முடித்த உடையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வழி நம் மொழியிலேயே இருக்கிறது. 'போட்டுக்கிட்டிருக்கேன்' என்றால் கை இன்னும் சட்டைக்குள் போய்க்கொண்டிருக்கிறது, அது 'புட்டிங் ஆன்'. 'போட்டிருக்கேன்' என்றால் வேலை முடிந்து உடை உடம்பில் இருக்கிறது, அது 'வேரிங்'. இந்த ஒரு 'இருக்கேன்' வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்ட நாளிலிருந்து தவறு வரவில்லை.

அடுத்த சிக்கல், நாம் எல்லாவற்றுக்கும் 'நல்லா இருக்கு, சரியா இருக்கு' என்றே சமாளிப்பது. அளவு சரியாக இருந்தால் 'இட் ஃபிட்ஸ் யூ'. அளவு எப்படியோ, ஆளுக்கு எடுப்பாக இருந்தால் 'இட் சூட்ஸ் யூ'. ஒரு பொருள் இன்னொன்றோடு சேர்ந்து போனால் 'இட் கோஸ் வித்'. யாருக்கும் எடுபடாத ஒன்றை ஒருவர் துணிந்து போட்டு ஜெயித்துவிட்டால் 'ஷி புல்டு இட் ஆஃப்'. இந்தக் கடைசிச் சொல்லை, மே மாதம் முதல் திங்கட்கிழமை நியூயார்க்கில் நடக்கும் மெட் காலா என்ற ஃபேஷன் விழாப் பேட்டிகளில் அள்ளலாம். அங்கே வருகிற உடைகள் அப்படிப்பட்டவை.

அந்த விழாவிலிருந்தே ஒரு பாடம். 1962-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் பிறந்தநாளுக்குப் பாட மரிலின் மன்றோ போட்டு வந்த கவுன் அவர் உடம்போடு வைத்துத் தைக்கப்பட்டது என்பார்கள். 'ஷி வாஸ் ஸோன் இன்டு இட்'. 2022-இல் அமெரிக்க டிவி பிரபலம் கிம் கர்தாஷியன் அதையே போட்டு மெட் காலாவுக்கு வந்தார். படிக்கட்டு ஏறி முடித்ததும் நகலுக்கு மாறிவிட்டார். அதையொட்டி அவர் பேசிய எல்லாவற்றிலும் 'ஃபிட் இன்டு' என்ற பேச்சுதான். உடை நமக்குச் சரியாக இருந்தால் 'இட் ஃபிட்ஸ் மீ'. உடைக்குள் நாம் நுழைந்தாக வேண்டும் என்றால் 'ஐ ஃபிட் இன்டு இட்'. தையல்காரியாகச் சொல்கிறேன், பழைய துணிக்கு உடம்பை மாற்றுவது தலைகீழ் வேலை. பிடிக்க வேண்டியதைப் பிடித்து, விட வேண்டியதை விடத்தான் நாங்கள் இருக்கிறோம். பிடிப்பது 'டேக் இன்', தையலைப் பிரித்து விடுவது 'லெட் அவுட்'. இந்த இரண்டும் எனக்குச் சோறு போடும் சொற்கள்.

சினிமாப் பேச்சில் மூன்று இடம்

'வக்கீலா நடிச்சேன்' என்பதற்கு 'ஐ பிளேய்டு எ லாயர்'. 'ஆக்டட் ஆஸ்' என்று அவர்கள் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. 'படம் வந்துச்சு' என்பது 'இட் கேம் அவுட்'. 'ஷூட் பண்ணினோம்' என்பது 'வி ஷாட் இட்'.

காலத்தில் ஒரு நடை இருக்கிறது, கவனியுங்கள். 'ஐ ஹேவ் வொர்க்ட் வித் ஹர் பிஃபோர்' என்று கதவைத் திறப்பார்கள். அனுபவம் உண்டு என்பது மட்டும். வருஷத்தைச் சொல்ல வந்ததும் 'ஹேவ்' போய்விடும், 'வி டிட் எ ஃபிலிம் டுகெதர் இன் 2015' என்று சாதாரண இறந்தகாலத்துக்கு இறங்கிவிடுவார்கள். 'ஐ ஹேவ் சீன் இட் யெஸ்டர்டே' என்று நாம் சறுக்குவது இந்தப் படியில்தான். நேற்று, போன வருஷம் என்று நாள் வந்தால் 'ஹேவ்' வராது.

எடுத்துக்கொள்ளக் கூடாதவை

பிரபலங்கள் எதையும் ஒரு பங்கு கூட்டித்தான் சொல்வார்கள். பிடித்தால் 'ஐ ஆம் அப்செஸ்ட்', பார்த்தால் 'ஐகானிக்', ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு 'லிட்ரலி'. ஒரு வாடிக்கையாளர் தன் அம்மாவின் பழைய கோட்டைக் காட்டி அதே மாதிரி தைக்க முடியுமா என்று கேட்டபோது நான் பெருமையாக "இட்ஸ் ஐகானிக்" என்றேன். சிரித்தே விட்டார். 'இட்ஸ் லவ்லி' போதுமாயிருந்தது.

பிரிட்டிஷ், அமெரிக்க வித்தியாசமும் உடையில் ஆபத்தானது. இங்கிலாந்தில் இருக்கும் ஒருவரிடம் "ஐ வில் லூசன் யுவர் பேன்ட்ஸ்" என்று சொல்லிவிட்டேன். அங்கே 'பேன்ட்ஸ்' என்றால் உள்ளாடை. வெளியே போடுவது 'டிரவுசர்ஸ்'. கேட்கிற பேட்டி எந்த நாட்டுக்காரருடையது என்று நோட்டில் ஓரத்தில் குறித்து வையுங்கள்.

உங்கள் சொந்த 'லைஃப் இன் லுக்ஸ்'

கேட்பது மட்டும் போதாது என்று எனக்கு நாலாவது மாதம்தான் தெரிந்தது. எல்லாம் புரிந்தது, வாயைத் திறந்தால் காற்று வந்தது. அதற்கு நான் செய்தது இது. வீட்டு ஆல்பத்திலிருந்து ஐந்து பழைய படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, போனில் ரெக்கார்டரைப் போட்டு, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நிமிடம் பேசுவது. எழுதி வைத்துப் படிக்கக் கூடாது. முதல் பதிவு 11 விநாடி வந்தது. அதில் நாலு விநாடி 'உம்…'.

ஒரு மாதம் கழித்து அதே படத்துக்கு வந்தது இது: "ஐ வாஸ் நைன்டீன். ஐ மேட் திஸ் டிரஸ் மைசெல்ஃப். த ஸ்லீவ்ஸ் வேர் டூ டைட், ஸோ ஐ எண்டட் அப் கட்டிங் தெம் ஆஃப். எவ்ரிபடி தாட் இட் வாஸ் த ஃபேஷன்." இதில் 'எண்டட் அப்' ஜங்கெட் பேட்டியில் பொறுக்கியது. 'கடைசியில இப்படி ஆயிடுச்சு' என்ற நம் பெருமூச்சுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் ஆங்கிலத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. பின்னால் 'இங்' வரும், அதை மறக்காதீர்கள்.

பழைய பதிவுகளை அழிக்காதீர்கள். கேட்க வெட்கமாக இருக்கும், இருந்தாலும் வைத்திருங்கள்.

போன வாரம் அந்த ஸ்னக் வாடிக்கையாளர் மறுபடி அழைத்தார். புது ஜாக்கெட், அதே கை. "இட்ஸ் எ டச் ஸ்னக்," என்றார், தயங்கித் தயங்கி.

"நோ ப்ராப்ளம், ஐ கேன் லெட் இட் அவுட்," என்றேன். "ஹௌ மச்?"

"ஹாஃப் அன் இன்ச்?"

நோட்டை முன்பக்கம் திருப்பி, கை என்பதற்கு நேரே அரை அங்குலம் கூட்டி எழுதிக்கொண்டேன்.